முதல் கவளமும் அடுத்த ஐந்நூறு நாட்களும்

வங்காளத்தில் குழந்தைக்கு முதன்முதலாகச் சோறு ஊட்டும் சடங்கை 'முகே பாத்' என்பர். 'வாயில் சோறு' என்பது இதன் நேர்ப்பொருள். வடமொழி வழக்கில் இதுவே அன்னப்பிராசனம். ஆண் குழந்தையாயின் இரட்டைப்படை மாதத்திலும், பெண் குழந்தையாயின் ஒற்றைப்படை மாதத்திலும் இதனை நடத்துவது மரபு. நெட்டியால் செய்த 'தோபோர்' என்னும் முடியைச் சூட்டி, குழந்தையைத் தாய்மாமன் மடியில் அமர்த்துவர். அரிசியும் பாலும் சேர்த்துக் காய்ச்சிய 'பாயேஷ்' முதல் கவளமாக ஊட்டப்படும். பின்னர் மண், நூல், எழுதுகோல், நாணயம் ஆகியவற்றை ஒரு தட்டில் வைத்து, குழந்தை எதனைத் தொடுகிறது என்று சுற்றத்தார் ஆவலுடன் நோக்குவர். எதைத் தொடுகிறதோ அதுவே அதன் எதிர்காலம் என்பது நம்பிக்கை.

பணி நிமித்தம் இக்கட்டுரையாளர் கொல்கத்தாவில் வசித்த காலத்தில், தென்பகுதியிலிருந்த ஒரு நண்பர் இல்லத்தில் இச்சடங்கைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. விருந்து முடிந்த பின், முற்றத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பணிப்பெண்ணிடம் அவர் குழந்தையைப் பற்றி வீட்டார் விசாரித்தனர். அவர் கானிங் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நாள்தோறும் விடியற்கால ரயிலில் நகருக்கு வருபவர். அவருக்கும் ஏழு மாதக் குழந்தை ஒன்று இருந்தது. "சுஜி காய்ச்சி வைத்துவிட்டு வந்திருக்கிறேன், பெரியவள் ஊட்டுவாள்" என்றார் அவர். பெரியவளுக்கு வயது ஒன்பது. முகே பாத் தம் வீட்டிலும் சென்ற மாதமே நடந்துவிட்டது என்று அவர் மகிழ்வுடன் கூறினார்.

இரு வீடுகளிலும் சடங்கு ஒன்றே. முதல் கவளமும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு இரண்டாம் கவளத்தில் தொடங்குகிறது. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான ஏறத்தாழ ஐந்நூற்றைம்பது நாட்களில் குழந்தை எதனை, எத்தனை முறை, எவ்வளவு, யார் கையால் உண்கிறது என்பதே அதன் எதிர்காலத்தைப் பெருமளவு தீர்மானிக்கிறது. இதனை மருத்துவர்கள் மட்டுமன்றித் திட்டமிடுவோரும் ஆராய வேண்டியதன் காரணங்களை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆறு மாதம் என்னும் எல்லை

பிறந்தது முதல் ஆறு மாதம் நிறையும் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் தேவையில்லை. முன்னர் நான்கு முதல் ஆறு மாதங்களுக்குள் பிற உணவைத் தொடங்கலாம் என்ற கருத்து நிலவியது. உலக சுகாதாரப் பேரவை 2001-ஆம் ஆண்டில் நிறைவேற்றிய தீர்மானம் ஆறு மாதங்கள் என்பதனை வரையறுத்தது. நம் நாட்டின் வழிகாட்டுதல்களும் இதனையே பின்பற்றுகின்றன.

இவ்வெல்லை ஏதோ ஒரு வசதிக்காக வகுக்கப்பட்டதன்று. நிறைமாதத்தில் பிறந்த குழந்தை தாயின் கருவிலிருந்தே இரும்புச்சத்தைச் சேமித்துக்கொண்டு வருகிறது. அச்சேமிப்பு ஏறத்தாழ ஆறு மாதங்களில் தீர்ந்துவிடுகிறது. தாய்ப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதே வேளையில் குழந்தையின் வளர்ச்சியோ மிக விரைவானது. பிறந்தபோதிருந்த எடை ஐந்தாறு மாதங்களில் இரு மடங்காகிறது. ஓராண்டு நிறைவில் மும்மடங்காகிறது. ஆகவே ஆறு மாதத்திற்குப் பின் தாய்ப்பால் அளிக்கும் சக்திக்கும் குழந்தைக்குத் தேவைப்படும் சக்திக்கும் இடையே ஓர் இடைவெளி தோன்றி நாளுக்கு நாள் விரிகிறது. அவ்விடைவெளியை நிரப்புவதே இணை உணவு. அது தாய்ப்பாலுக்கு மாற்று உணவன்று. இணையாக நிற்கும் உணவு. முதலாண்டின் பிற்பாதியில் குழந்தையின் சக்தித் தேவையில் பாதியையும், இரண்டாம் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கையும் தாய்ப்பாலே தர வல்லது. எனவே இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடர்வது இன்றியமையாதது.

குழந்தையின் உடலும் இக்காலத்தில் தயாராகிறது. தலை நிமிர்ந்து நிற்கிறது. தாங்கிப் பிடித்தால் உட்காருகிறது. வாயிலிட்டதை நாவால் வெளியே தள்ளும் இயல்பு மறைகிறது. பெரியோர் உண்பதைக் கண்டு கையை நீட்டுகிறது. இதற்கு முன்பே தொடங்கினால் தாய்ப்பால் குறைந்து நோய்த் தொற்று மிகும். காலந்தாழ்த்தினால் வளர்ச்சி தடைப்படும். இரண்டும் தீங்கே.

நாட்டின் நிலை என்ன? 2019-21-ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளுள் தாய்ப்பாலுடன் திட அல்லது அரைத்திட உணவும் பெற்றவை 45.9 சதவிகிதமே. ஆறு முதல் இருபத்துமூன்று மாதக் குழந்தைகளுள் போதிய உணவு பெற்றவை 11.3 சதவிகிதம் மட்டுமே. மேற்கு வங்காளத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதிற்கேற்ற உயரமற்றவை 33.8 சதவிகிதம். ஆறு முதல் ஐம்பத்தொன்பது மாதக் குழந்தைகளுள் இரத்தசோகை உடையவை அம்மாநிலத்தில் 69 சதவிகிதம். முந்தைய ஆய்வில் இது 54.2 சதவிகிதமாக இருந்தது. அரிசியும் மீனும் காய்கறியும் விளையும் ஒரு மாநிலத்தில் இந்நிலை நிலவுவது, சிக்கல் உணவு உற்பத்தியில் மட்டும் இல்லை என்பதனைக் காட்டுகிறது.

சிறு வயிறு, பெருந்தேவை

இணை உணவின் அடிப்படைச் சிக்கலை எளிய கணக்கு ஒன்றினால் விளக்கலாம். சராசரி அளவு தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்கு இணை உணவு மூலம் நாளொன்றுக்குக் கிட்ட வேண்டிய சக்தி, ஆறு முதல் எட்டு மாதங்களில் ஏறத்தாழ 200 கலோரி. ஒன்பது முதல் பதினொரு மாதங்களில் 300 கலோரி. பன்னிரண்டு முதல் இருபத்துமூன்று மாதங்களில் 550 கலோரி. இரைப்பையின் கொள்ளளவோ உடலெடையில் கிலோவுக்கு 30 கிராம் அளவே. ஏழு கிலோ எடையுள்ள குழந்தை ஒரு வேளையில் ஏறத்தாழ 210 கிராமுக்கு மேல் உண்ண இயலாது.

இப்போது நூறு கிராம் நீர்த்த கஞ்சியை எடுத்துக்கொள்வோம். அதில் எட்டு கிராம் அரிசி மாவு இருப்பதாகக் கொண்டால், கிட்டும் சக்தி ஏறத்தாழ 28 கலோரி. 200 கலோரி பெற வேண்டுமாயின் குழந்தை 700 கிராமுக்கு மேல் கஞ்சி குடிக்க வேண்டும். மூன்று வேளையாகப் பிரித்தாலும் வேளைக்கு 230 கிராமுக்கு மேல் ஆகிறது. வயிறு கொள்ளாது, கொண்டாலும் தாய்ப்பாலுக்கு இடமிராது. வயிறு நிறைந்து குழந்தை உறங்கிவிடும், தாயும் மனநிறைவடைவாள். ஆனால் குழந்தை உண்மையில் பட்டினி கிடக்கிறது. இதனை 'நிறைந்த வயிற்றின் பட்டினி' எனலாம்.

அதே குழந்தைக்கு கிராமுக்கு 0.8 கலோரி தரும் கெட்டியான பருப்புச் சாதம் தந்தால் 250 கிராமில் தேவை நிறைவுறும். மூன்று வேளைக்கு வேளை ஒன்றுக்கு 80 கிராம் அளவே வரும். ஒரு தேக்கரண்டி, அதாவது ஐந்து கிராம் எண்ணெய் சேர்த்தால் உணவின் பருமன் கூடாமலே 45 கலோரி கூடுகிறது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பதமே சரியான பதம் என்று தாய்மார்களுக்குக் கூறுவதன் பொருள் இதுவே.

முளைகட்டிய தானிய மாவும் இவ்வகையில் துணை செய்கிறது. தானியம் முளைக்கும்போது அமிலேஸ் என்னும் நொதி உண்டாகிறது. இது மாவுப்பொருளைச் சிதைப்பதால், கெட்டியான கஞ்சியில் முளைகட்டிய மாவைச் சிறிதளவு கலந்தாலும் கஞ்சி இளகுகிறது. நீர் சேர்க்காமலே குழந்தை விழுங்கத்தக்க பதம் கிட்டுகிறது, சக்தியும் குறைவதில்லை. கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைக்கும் நம் பாட்டிமார் இந்நொதியின் பெயரை அறியாவிடினும் அதன் பயனை அறிந்திருந்தனர்.

வங்கச் சமையலறை காட்டும் வழி

வங்காளத்தில் குழந்தைக்கும் நோயாளிக்கும் உரியனவாக நெடுங்காலமாகக் கருதப்பட்டு வருபவை சாபு எனப்படும் ஜவ்வரிசி, பார்லி, சுஜி எனப்படும் ரவை, வடித்த கஞ்சியாகிய 'ஃபேன்' ஆகியவை. எளிதில் செரிப்பவை என்பது இவற்றின் சிறப்பு. ஆனால் நீர்க்கக் காய்ச்சும்போது இவற்றில் மாவுச்சத்தும் நீரும் தவிர வேறொன்றும் பெரிதாக இல்லை. 1943-ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தின்போது கல்கத்தா வீதிகளில் பசியால் வாடியோர் சோறு கேட்கவும் துணியாமல் 'ஃபேன் தாவ்' என்று கஞ்சித்தண்ணீருக்குக் கையேந்தினர் என்பது வரலாறு. பஞ்சத்தில் உயிரைப் பிடித்து வைக்க உதவிய அந்நீர், வளரும் குழந்தைக்கு உணவாகாது.

அதே சமையலறையில் விடையும் உண்டு. அரிசியும் மசூர்ப் பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைக்கும் 'கிச்சுடி' அறிவியல் நோக்கில் மிகச் சிறந்த இணை உணவு. அரிசியின் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசி அதனை ஈடுசெய்கிறது. மூன்று அல்லது நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்ற அளவில் இரண்டும் சேரும்போது புரதத்தின் தரம் உயர்கிறது. அதில் பூசணித் துண்டும் சிறிது கீரையும் ஒரு கரண்டி எண்ணெயும் சேர்ந்தால் வைட்டமின் 'ஏ' உள்ளிட்ட சத்துகளும் வந்து சேரும். நம் வீட்டுப் பருப்புச் சாதமும் வெண்பொங்கலும் இதே இனத்தவையே.

உலக சுகாதார நிறுவனம் குழந்தை உணவை எட்டு வகையாகப் பிரிக்கிறது: தாய்ப்பால், தானியமும் கிழங்கும், பருப்பும் கொட்டைகளும், பாற்பொருள்கள், இறைச்சியும் மீனும், முட்டை, வைட்டமின் 'ஏ' மிகுந்த காய்கனிகள், பிற காய்கனிகள். இவற்றுள் நாளொன்றுக்கு ஐந்து வகையேனும் குழந்தைக்குக் கிட்ட வேண்டும். அந்நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் மீன், முட்டை, இறைச்சி போன்றவற்றை ஆறு மாதம் முதலே நாள்தோறும் தருவதை ஊக்குவிக்கிறது. வங்காளத்துக் குளங்களில் கிடைக்கும் 'மௌரலா' என்னும் சிறுமீன் வைட்டமின் 'ஏ', சுண்ணாம்புச்சத்து ஆகியவற்றில் மிகச் செறிவானது. பெரிய மீனின் ஒரு துண்டைவிட, முழுதாக வேகவைத்து நன்கு மசித்த இச்சிறுமீன் குழந்தைக்கு நற்பயன் தரும். புலால் உண்ணாதோர் பருப்பு, தயிர், கீரை ஆகியவற்றுடன் சில துளி எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம். அது தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கத் துணை செய்கிறது.

தவிர்க்க வேண்டியவையும் உள. தேநீரில் நனைத்த பிஸ்கட்டைக் குழந்தைக்குத் தரும் வழக்கம் கொல்கத்தாவில் பரவலாகக் காணப்படுகிறது. தேநீரிலுள்ள டானின் இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கிறது. ஓராண்டு நிறையும் முன் தேன் தருவது நஞ்சாதல் நோய்க்கு இடமளிக்கலாம். நாவில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் வங்காளத்திலும் உண்டு, தமிழகத்திலும் உண்டு. உப்பும் சர்க்கரையும் சேர்க்கத் தேவையில்லை. முழு நிலக்கடலை, பொட்டுக்கடலை போன்றவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொடித்தே தர வேண்டும்.

நோயும் உணவும்

இணை உணவு தொடங்கும் காலமே வயிற்றுப்போக்கு மிகும் காலமும் ஆகும். குழந்தை தவழ்கிறது, கையில் கிடைத்ததை வாயிலிடுகிறது, காலையில் சமைத்து மாலை வரை வைத்த உணவில் கிருமிகள் பெருகுகின்றன. குழாய் நீரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் குடிசைப் பகுதிகளில் இவ்வாபத்து இன்னும் மிகுதி. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கொல்கத்தா மாநகராட்சி மக்களுள் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவானோர் இத்தகைய பகுதிகளில் வாழ்ந்தனர்.

வயிற்றுப்போக்கைப் பொறுத்தவரை உலகிற்கு வழிகாட்டிய பெருமை இம்மண்ணிற்கு உண்டு. 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லையோர நகரமாகிய பன்காவில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பு வழியாகச் செலுத்தும் திரவம் தீர்ந்த நிலையில், குழந்தை மருத்துவர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளூக்கோசும் நீரில் கலந்து வாய்வழியே தருமாறு செய்தார். ஏறத்தாழ முப்பது சதவிகிதமாக இருந்த இறப்பு நான்கு சதவிகிதத்திற்கும் கீழே இறங்கியது. அவருக்கு 2023-இல், அவர் மறைந்த மறு ஆண்டு, பத்மவிபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. உறவினர்களே கலந்து புகட்டக்கூடிய எளிய கரைசல் உயிர் காக்கும் என்பதே அவ்வனுபவத்தின் பாடம்.

அப்பாடத்தின் மறுபாதி பெரிதும் மறக்கப்படுகிறது. வயிற்றுப்போக்கின்போது உணவை நிறுத்தலாகாது. தாய்ப்பாலும் கெட்டியான உணவும் சிறுசிறு அளவில் தொடர வேண்டும். நோய் நீங்கிய பின் இரு வாரங்களுக்கு நாளொன்றுக்கு ஒரு வேளை கூடுதலாகத் தர வேண்டும். இவ்வாறு செய்யாவிடில் ஒவ்வொரு நோயும் குழந்தையை வளர்ச்சிப் பாதையில் ஒரு படி பின்னே தள்ளும். மெலிந்த குழந்தை மீண்டும் எளிதில் நோயுறும். நோயும் ஊட்டக்குறைவும் ஒன்றையொன்று வளர்க்கும் இச்சுழலை உணவால்தான் அறுக்க இயலும்.

களத்தில் கிட்டிய பாடங்கள்

1974-இல் குழந்தை மருத்துவர் சமீர் சௌத்ரி கொல்கத்தாவின் தெற்கே, டயமண்ட் ஹார்பர் சாலையை ஒட்டிய பகுதியில் 'சைல்டு இன் நீட் இன்ஸ்டிடியூட்' என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். சுருக்கமாக 'சினி' என அழைக்கப்படும் இந்நிறுவனம், ஊட்டக்குறைவுள்ள குழந்தையை மருந்தால் மட்டும் தேற்றி அனுப்பினால் சில வாரங்களில் அது மீண்டும் அதே நிலையில் திரும்பும் என்பதை அனுபவத்தில் கண்டது. ஆகவே தாயையும் உடன் தங்க வைத்து, வீட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே சமைத்து ஊட்டப் பழக்கும் முறை வலுப்பெற்றது. தானியத்தையும் பயறையும் வறுத்துப் பொடித்த 'நியூட்ரிமிக்ஸ்' என்னும் மலிவான சத்துமாவும் இவ்வனுபவத்தின் பயனே.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்த 'ஐதராபாத் கலவை'யும் இவ்வகையினதே. வறுத்த கோதுமை 40 கிராம், பொட்டுக்கடலை 16 கிராம், வறுத்த நிலக்கடலை 10 கிராம், வெல்லம் 20 கிராம் ஆக 86 கிராம் கலவை 330 கலோரி சக்தியும் 11.3 கிராம் புரதமும் தருகிறது. இதில் சந்தையில் கிடைக்காத பொருள் ஒன்றுகூட இல்லை.

2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மேற்கு வங்க அரசு யுனிசெஃப் துணையுடன் சில மாவட்டங்களில் 'கேனோ பார்போ நா' என்ற முயற்சியை மேற்கொண்டது. 'நம்மால் ஏன் முடியாது?' என்பது இதன் பொருள். ஒரே ஊரில், ஒரே வறுமையில், சில ஏழைத் தாய்மாரின் குழந்தைகள் மட்டும் நன்கு வளர்வது எவ்வாறு என்பதை முதலில் ஊராரே கண்டறிந்தனர். பின்னர் தாய்மார்கள் ஆளுக்கொரு பிடி அரிசி, பருப்பு, காய் கொண்டு வந்து அங்கன்வாடியில் பன்னிரண்டு நாட்கள் கூடிச் சமைத்து ஊட்டினர். மீதி நாட்களில் அதனையே வீட்டில் பழகினர். வெளியிலிருந்து வரும் நிபுணரைவிட அண்டை வீட்டுத் தாயே சிறந்த ஆசிரியர் என்பதை இது உணர்த்தியது.

தமிழ்நாட்டின் அனுபவமும் ஒப்புநோக்கத்தக்கது. 1980-இல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு முதல் முப்பத்தாறு மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்தது. எடை ஏற்றம் தடைப்பட்ட குழந்தைக்கு மட்டும் தொண்ணூறு நாட்களுக்குக் கூடுதல் உணவு தரப்பட்டது. எடை தேறியபின் அது நிறுத்தப்பட்டது. குழந்தை மெலிந்த பின் தூக்கி நிறுத்துவதைவிட, மெலியத் தொடங்கும் மாதத்திலேயே கண்டறிவது மேல் என்ற கொள்கை இதன் அடிப்படை.

பொருளாதாரக் கணக்கு

இதற்கு ஆகும் செலவு நாட்டிற்குத் தகுமா என்று நிதித் துறையினர் கேட்கக்கூடும். இதற்கான மிக நீண்ட சான்று மத்திய அமெரிக்காவிலுள்ள குவாதமாலாவிலிருந்து கிட்டுகிறது. 1969 முதல் 1977 வரை அந்நாட்டின் நான்கு கிராமங்களில் ஓர் ஆய்வு நடைபெற்றது. இரண்டு கிராமங்களில் புரதம் மிகுந்த 'அதோலே' என்னும் கஞ்சியும், மற்ற இரண்டில் புரதமற்ற இனிப்புப் பானமும் வழங்கப்பட்டன. அக்குழந்தைகள் வளர்ந்து உழைக்கும் வயதடைந்தபின் அவர்களை ஆய்வாளர்கள் மீண்டும் தேடிச் சென்றனர். 2008-இல் வெளியான முடிவின்படி, இரண்டு வயதிற்குள் அக்கஞ்சியைப் பெற்ற ஆண்களின் மணிக்கூலி மற்றவர்களைவிட 46 சதவிகிதம் கூடுதலாக இருந்தது. மூன்று வயதிற்குப் பின் பெற்றவர்களிடம் இத்தகைய பயன் காணப்படவில்லை.

இதிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, சிறு குழந்தையின் உணவுச் செலவு நுகர்வுச் செலவன்று, மூலதனச் செலவு. மற்றொன்று, இம்மூலதனத்தை இடுவதற்குரிய காலம் மிகக் குறுகியது. அணை கட்டுவதை அடுத்த திட்டக் காலத்திற்கு ஒத்தி வைக்கலாம். ஏழு மாதக் குழந்தையின் உணவை ஒத்தி வைக்க இயலாது.

திட்டங்களும் ஓர் இடைவெளியும்

இத்துறையில் அரசு செய்தவை குறைவல்ல. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003-ஆம் ஆண்டுத் திருத்தமும் இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்குரிய பால்மாவு, புட்டி, டப்பா உணவு ஆகியவற்றின் விளம்பரத்தைத் தடை செய்தன. 2013-ஆம் ஆண்டுத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் தரும் உணவை வீட்டிற்கு எடுத்துச் செல்லும் வகையில் உரிமையாக்கியது. 2018-இல் போஷண் அபியான் இயக்கம் தொடங்கியது. அதே ஆண்டில் ஆஷா பணியாளர்கள் 3, 6, 9, 12, 15-ஆம் மாதங்களில் வீடு தேடிச் சென்று ஆலோசனை வழங்கும் முறையும் வகுக்கப்பட்டது.

எனினும் முற்றத்தில் கண்ட அப்பெண்ணின் நிலையை இத்திட்டங்களுடன் பொருத்திப் பார்க்கும்போது ஓர் இடைவெளி புலப்படுகிறது. ஏட்டளவில் 500 கலோரி என்பது அவர் குழந்தையின் தேவைக்குப் போதுமானது. ஆனால் குழந்தைக்கு நாளில் மூன்று நான்கு முறை, பொறுமையுடன், அதன் பசிக் குறிப்பறிந்து ஊட்ட ஒருவர் வேண்டும். உணவைப் பொட்டலமாக வழங்கலாம். ஊட்டும் கையை வழங்க இயலாது. அத்தாயிடம் குறைவாக இருந்தது அறிவன்று, அன்பன்று, அரிசியுமன்று, நேரமே.

அமைப்பு சார்ந்த துறையில் பணிபுரியும் பெண்களுக்கு 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் மகப்பேற்று விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. 26 வாரம் என்பது ஆறு மாதம். தாய்ப்பால் மட்டும் தரும் காலத்தை அது காக்கிறது. சரியாக இணை உணவு தொடங்கும் நாளில் தாய் பணிக்குத் திரும்புகிறாள். ஆகவேதான் அதே திருத்தம் ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் விதித்தது. ஆனால் வீட்டுப் பணியாளருக்கு இவ்விடுப்பும் இல்லை, காப்பகமும் இல்லை. 2022-இல் வகுக்கப்பட்ட பால்னா திட்டம் அங்கன்வாடியையும் காப்பகத்தையும் இணைக்க முற்படுவது நல்ல தொடக்கம். ஆயினும் விடியற்கால ரயிலுக்குப் புறப்படும் தாய்க்கு அக்காப்பகம் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதே முதற்கேள்வி.

காப்பகத்திற்கு ஆகும் செலவை மதிப்பிடும்போது குழந்தை ஒன்றுக்கு இவ்வளவு ரூபாய் என்று மட்டும் கணக்கிடுவது முறையன்று. அதனால் காக்கப்படுவன மூன்று: தாயின் கூலி, சிறு குழந்தையின் வளர்ச்சி, ஒன்பது வயதுச் சிறுமியின் கல்வி. மூன்றையும் வரவில் எழுதினால்தான் கணக்கு நேராகும்.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து சில செயல்களை வரிசைப்படுத்தலாம். அங்கன்வாடி வழங்கும் உணவின் ஒரு பகுதியாவது, அடுப்பு மூட்டாமல் கொதித்தாறிய நீரில் கலந்து தரக்கூடிய வறுத்த மாவாக இருத்தல் வேண்டும். இதனைப் பாட்டியும் பாதுகாப்பாகக் கலக்க இயலும், பொழுதுக்கும் வைத்திருந்து கெட்டுப்போகும் ஆபத்தும் இல்லை. ஆஷா பணியாளரின் ஆறாம் மாத வருகை தாய் வீட்டிலிருக்கும் வேளையில் அமைய வேண்டும். பகலில் குழந்தையை உண்மையில் பார்த்துக்கொள்பவர் எவரோ அவருக்கும் பயிற்சி தர வேண்டும். நகரை ஒட்டிய ரயில் தடங்களில் அமைந்த ஊர்களில் காப்பகங்கள் முதல் ரயிலுக்கு முன்பே திறந்திருக்க வேண்டும். எடை பார்க்கும் பதிவேட்டில் எடை மட்டுமன்றி, நேற்றைய நாளில் குழந்தை எத்தனை முறை, எத்தனை வகை உணவு உண்டது என்பதும் இடம்பெற வேண்டும். அத்தனைக்கும் மேலாக, அன்னப்பிராசனம் என்னும் சடங்கையே கல்விக்கான வாயிலாகக் கொள்ளலாம். சுற்றத்தார் அனைவரும் கூடியிருக்கும் அந்நாளில் அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் ஒரு கிண்ணத்தையும் கரண்டியையும் காட்டி, நாளை முதல் எவ்வளவு, எத்தனை முறை என்று எடுத்துரைத்தால், மாமனும் பாட்டியும் அதனைக் கேட்பர்.

நூலையும் நாணயத்தையும் தட்டில் வைத்துக் குழந்தையின் எதிர்காலத்தைக் கணிக்க முயல்வது இனிய மரபு. ஆனால் தட்டில் கை வைப்பதற்கு அக்கைக்கு வலு வேண்டும். நூலைப் பயில மூளை வளர்ந்திருக்க வேண்டும். நண்பர் இல்லத்துக் குழந்தை அன்று எழுதுகோலைப் பற்றியது. அனைவரும் கைகொட்டி மகிழ்ந்தனர். கானிங் பக்கத்துக் கிராமத்துக் குழந்தை எதனைத் தொட்டது என்று அன்று எவரும் அத்தாயிடம் கேட்கவில்லை. அதுவும் எழுதுகோலாகவே இருந்திருக்கலாம். அதன் கையில் அது நிலைக்குமா என்பதை, அது மூன்று வயதை எட்டுவதற்குள் நாம் முடிவு செய்தாக வேண்டும்.